கையுறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று வாட்ச் படங்களும் வந்தன. உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று உங்கம்மா சொன்ன அன்றே, அடுத்து இந்தக் கேள்விதான் வரும் என்று நினைத்தேன். வாட்ச் ரிப்பேர் பார்க்கிற மாமன் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பாய்? “மூணுல எது மாமா ஸ்ட்ராங்?” என்று எழுதியிருக்கிறாய். மூன்றுமே ஸ்ட்ராங்தான் கண்ணு. ஆனாலும் மூன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே மறுத்துப் பேசுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடையாத வாட்ச் செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. ஜப்பானில் கேசியோ கம்பெனியில் வேலை பார்த்த கிகுவோ இபே என்ற இன்ஜினியர், அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து உடைந்ததைப் பார்த்து, விழுந்தாலும் உடையாத ஒன்றைச் செய்கிறேன் என்று 1981-இல் இறங்கினார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் ஓட வேண்டும், 10 பார் நீரழுத்தம் தாங்க வேண்டும், செல் 10 வருடம் வர வேண்டும் என்பது இலக்கு. ஏறத்தாழ இருநூறு மாதிரிகளைச் செய்து, ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னல் வழியே கீழே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பூங்காவில் ஒரு சிறுமி தட்டி விளையாடிய ரப்பர் பந்தைப் பார்த்தபோது அவருக்கு வழி தெரிந்ததாம். மெஷினைக் கேஸோடு இறுக்காமல், உள்ளே மிதக்கிற மாதிரி சில புள்ளிகளில் மட்டும் தாங்கி நிறுத்தினார். 1983 ஏப்ரலில் அது ஜி-ஷாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆக, நீ கேட்ட கேள்விக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே பதில் கிடைத்தாயிற்று.

நீ கேட்டிருக்க வேண்டியது வேறு. இரவு இரண்டு மணி. டென்ட்டுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. கையில் இரண்டடுக்குக் கையுறை, அதன்மேல் ஜாக்கெட்டின் கை. ஒரு கையில் ஐஸ் ஆக்ஸ். மூச்சு வாங்குகிறது, தலை பாரமாக இருக்கிறது, பேசவே பிடிக்கவில்லை. அந்த நேரத்தில், நின்று நிதானிக்காமல், ஒரே பார்வையில் உனக்கு மணி சொல்கிற வாட்ச் எது?

பனிமலையில் மணி பார்ப்பது பஸ் பிடிப்பதற்கு மணி பார்ப்பது போன்ற காரியம் அல்ல. இரவில் உறைந்த பனி விடியும்வரை கெட்டியாக இருக்கும், கிராம்பான் முள் நன்றாகப் பிடிக்கும். வெயில் ஏறினால் அதே பனி இளகி, காலை முழங்கால்வரை உள்ளே வாங்கும். பாறைகளைப் பிடித்துவைத்திருந்த ஐஸ் விட்டுக்கொடுத்துக் கல் உருளும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, பகலெல்லாம் கிளேசியர் உருகி, மத்தியானத்துக்கு மேல் இடுப்பளவு வந்துவிடலாம். போகும்போது சுலபமாகத் தாண்டிய இடத்தைத் திரும்பும்போது தாண்ட முடியாது. மேகம் கூடுவதும் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். அதனால்தான் உச்சிக்குப் போகிறவர்கள் நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் நடுவில் கிளம்புகிறார்கள். கிளம்பும் முன்பே திரும்பும் மணியையும் முடிவு செய்துவிடுகிறார்கள். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

1996 மே 10-ஆம் தேதி எவரெஸ்ட்டில் நடந்ததை உன் பயிற்சியில் நிச்சயம் யாராவது சொல்வார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த ராப் ஹால் அதற்கு முன்பே நான்கு முறை எவரெஸ்ட் ஏறியவர், தேர்ந்த வழிகாட்டி. மதியம் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மணிக்குள் திரும்புவது என்பதுதான் அவர் குழுவின் பேச்சு. அவரோடு ஏறிய டக் ஹான்சன் உச்சியை எட்டும்போது நான்கு மணி தாண்டிவிட்டது. முந்தைய வருடம் உச்சிக்குப் பக்கத்தில் வந்து திரும்பிப் போனவர் அவர், இன்னொரு முறை அவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை போலும். சாயங்காலம் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இருவரும் இறங்கி வரவில்லை. அதே புயலில் வடக்குப் பக்கம் நம் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் மூன்று பேரும் போனார்கள். மொத்தம் எட்டு உயிர்.

இதில் ஒருவருக்கும் மணி தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஆக்சிஜன் குறைந்த மூளைக்குக் கணக்குப் போட வராது. ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று தள்ளிக்கொண்டே போகும். ஆகவே உன் வாட்சில் முதலில் பார்க்க வேண்டியது அலாரம். காலையில் எழுப்ப ஒன்று, திரும்பும் மணிக்கு ஒன்று. ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் தெளிந்த புத்தியோடு இருக்கும்போது நீ வைத்த மணி, மறுநாள் மேலே புத்தி மங்கியிருக்கும்போது தானே அடிக்க வேண்டும். அதன்பின் எழுத்தின் அளவு, விளக்கு, கையுறையோடு அமுக்கக்கூடிய பட்டன், சார்ஜ் கேட்காத செல். ஸ்ட்ராங் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன்.

முதல் படத்தில் இருக்கும் ஸ்டீல் ஆட்டோமேட்டிக் அழகான வாட்ச், தொழில்காரன் என்ற முறையில் எனக்கே ஆசைதான். 1953-இல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் ஏறியது மெஷின் வாட்ச் காலத்தில்தான். ஸ்மித்ஸ், ரோலெக்ஸ் இரண்டு கம்பெனிகளும் அந்தப் பெருமையை விளம்பரத்தில் போட்டுக்கொண்டன. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்ததே 1969 டிசம்பரில், செய்கோ அஸ்ட்ரான். ஆக, மெஷின் வாட்ச் மலைக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து இருபது நொடி முன்பின் ஓடினால் மலையில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதில் அலாரம் இல்லை. கடுங்குளிரில் மெஷினுக்குள் இருக்கும் எண்ணெய் தடிக்கும். ஐஸ் ஆக்ஸை ஓங்கி ஓங்கிப் போடும் கையில் கட்டினால் ஒவ்வொரு அடியும் பேலன்ஸ் வீலுக்குப் போகும். அதிர்ச்சி தாங்கும் வாட்ச் என்று போடுவதற்கு ஐஎஸ்ஓ 1413 என்ற தரம் கேட்பது, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கெட்டி மரத்தின்மேல் விழுந்ததற்கு ஈடான அடியைத் தாங்குவதுதான். நாள் முழுக்க விழும் அடிக்கு அது சொல்லப்பட்டதல்ல. போதாக்குறைக்கு ஸ்டீல் செயின். உறைகுளிரில் உலோகம் தோலில் ஒட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

தாத்தாவின் எச்.எம்.டி.யைக் கட்டிப் போகட்டுமா என்று ஒரு ஓரத்தில் எழுதியிருந்தாய். அது சாவி கொடுக்கிற வாட்ச், அந்தக் காலத்தில் ரப்பர் வாஷர் பேருக்குத்தான் இருக்கும். வீட்டில் இருக்கட்டும். 1961-இல் பெங்களூரில் சிட்டிசன் கம்பெனி உதவியோடு தொடங்கிய கைக்கடிகாரத் தயாரிப்பு 2016-இல் மூடப்பட்டுவிட்டது, அசல் பாகம் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. ஆன்லைனில் பளபளவென்று விற்கிற ‘பழைய’ எச்.எம்.டி.களில் பாதி, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகத்தைக் கோத்துச் செய்தவை. அதையும் வாங்கிவிடாதே.

இரண்டாவது படம் ஜி.பி.எஸ். வாட்ச். தனியாக நெடுந்தூரம் நடப்பவர்களுக்கு நல்ல துணை, மறுக்கவில்லை. உன் பயிற்சி 28 நாள். அதில் கணிசமான நாட்கள் பிளக் பாயிண்ட் இல்லாத இடத்தில் கழியும். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வதும் பேட்டரிக்குக் கெடுதல். டச் ஸ்கிரீன் கம்பளிக் கையுறைக்குக் கேட்காது. நாடித் துடிப்பையும் ரத்த ஆக்சிஜனையும் அது தோல்வழியே ஒளி பாய்ச்சிப் பார்க்கிறது. குளிரில் மணிக்கட்டில் ரத்த நாளம் சுருங்கிவிடுவதால் அங்கே காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதே. கயிற்றின் முன்னால் வழி தெரிந்த பயிற்சியாளர் போகும்போது உனக்கு எதற்கு வரைபடம்?

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. சில புதிய ஜி.பி.எஸ். வாட்சுகளிலும், பையில் மாட்டுகிற சின்னக் கருவிகளிலும் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் வசதி வருகிறது. வெறும் ஜி.பி.எஸ். வாட்சுக்கு நம் நாட்டில் தடையில்லை. ஆனால் சாட்டிலைட் போன், சாட்டிலைட் செய்திக் கருவி இரண்டையும் அரசு அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். உத்தரகாசி எல்லை மாவட்டம் வேறு. சிங்கப்பூரிலிருந்து அத்தான் அனுப்புகிறேன் என்று சொன்னாராமே, அது எந்த மாடல் என்று முதலில் கேள்.

மூன்றாவது படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். பச்சையும் காவியும் கலந்த பட்டாளத்து நிறம், நாலு பக்கமும் ஸ்க்ரூ, கறுப்பு டிஸ்பிளேயில் வெள்ளை எழுத்து, மேலே ‘மிலிட்டரி’ என்ற வார்த்தை. எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவம் வகுத்துவைத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்துத் தானே சோதித்துவிட்டு எந்தக் கம்பெனியும் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம். இதற்கு முத்திரை குத்துகிற தனி அலுவலகம் எதுவும் கிடையாது. அந்த ஸ்க்ரூக்களில் பாதி அலங்காரம், பிளாஸ்டிக்கில் வார்த்தவை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டோவில் எடுப்பாக இருக்கும், மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துதான் உனக்கு வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

சரி, எதைத்தான் வாங்குவது? சதுர முக ஜி-ஷாக், டிடபிள்யூ-5600 வகை. இபே முதலில் செய்த வடிவத்தின் நேர் வாரிசு அது. 200 மீட்டர் நீர்த்தடுப்பு, சில வருடம் தாங்கும் பட்டன் செல், முகம் முழுக்க ஒளிரும் விளக்கு, அலாரம், ஸ்டாப் வாட்ச், கவுண்ட்டவுன் டைமர். மெல்லியது என்பதால் ஜாக்கெட் கைக்குள் மாட்டாமல் நுழையும். இதே முகத்தில் வெயிலில் சார்ஜ் ஆகும் மாடலும் உண்டு, அதில் ஐந்து அலாரம் வைக்கலாம். கையில் காசு இருந்தால் அதையே எடு. அந்த மாடலில் ரேடியோ அலை வழியே தானே மணி திருத்திக்கொள்ளும் வசதியும் சேர்ந்து வரும், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே. அது தேடுகிற கோபுரங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் இருக்கின்றன, இந்தியாவில் ஒன்றும் இல்லை. ஒரே அலாரம் உள்ள மாடல் வாங்கினால் காலையில் எழுந்ததும் அதைத் திரும்பும் மணிக்கு மாற்றி வை. காலைக் கடன்களில் ஒன்றாக அதைப் பழக்கிக்கொள்.

இதிலும் ஒரு குறை உண்டு. அடிபடாமல் இருக்கட்டும் என்று பட்டன்களை உள்வாங்கி வைத்திருப்பார்கள், தடித்த கையுறையோடு அமுக்குவது சிரமம். அதனால்தான் சொல்கிறேன், மலையில் போடப்போகிற கையுறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கையுறையைப் போட்டுக்கொண்டு விளக்கைப் போடு, அலாரத்தை நிறுத்து, ஸ்டாப் வாட்சை ஓடவிடு. வராவிட்டால் அடுத்த மாடல். பெரிய பட்டன் வைத்த மாடல்களும் அதே கம்பெனியில் இருக்கின்றன. எதையாவது சொல்லிக் கண்ணாடிமேல் டெம்ப்பர்ட் ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், வேண்டாம். ஜி-ஷாக்கின் முகக் கண்ணாடி சுற்றியுள்ள விளிம்பைவிடத் தாழ்ந்துதான் இருக்கும், தரையில் கவிழ்த்தாலும் கண்ணாடி படாது.

தள்ளுவண்டியிலும் ஆன்லைனிலும் போலி ஏராளம். பின்மூடியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மெஷின் எண் பொறித்திருக்கும். கம்பெனி இணையதளத்தில் அந்த எண்ணுக்கு உரிய கையேட்டை எடுத்து, பட்டன் ஒவ்வொன்றும் அதில் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார். போலியில் எங்கேயாவது இடறும்.

நீர்த்தடுப்பு என்று போட்டிருப்பதைப் பற்றி என் மேஜைக்கு வருகிற ஆட்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. அசையாத நீரில் 3 பார் அழுத்தம் வைத்துச் சோதித்தார்கள் என்று அர்த்தம். கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். குற்றாலத்தில் அருவிக்கடியில் நின்றுவிட்டு, கண்ணாடிக்குள் ஆவி படிந்த வாட்சோடு வந்து “வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்கே” என்பார்கள். தண்ணீரைத் தடுப்பது மூடிக்கும் சாவிக்கும் பட்டனுக்கும் அடியில் இருக்கிற ரப்பர் வளையம். குக்கர் மூடியின் ரப்பர் எப்படி நாளடைவில் இறுகிப் பிளவு விடுமோ அப்படித்தான் இதுவும். சோப்பும் சுடுநீரும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். செல் மாற்றும்போது வளையத்தையும் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி மூட வேண்டும். இருபது ரூபாய்க்குச் செல் போடுகிற இடத்தில் அதைச் செய்ய மாட்டார்கள். நீ புதிதாக வாங்கப்போகும் வாட்சை யாரிடமும் திறக்கக் கொடுக்காதே, என்னிடம்கூட.

குளிருக்கு வருவோம். குவார்ட்ஸ் கல் அறை வெப்பத்துக்கு ஏற்றபடி வெட்டப்பட்டது. கடுங்குளிரில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு நொடி பிந்தும், அது ஒரு பொருட்டே அல்ல. தொல்லை எங்கே வரும் என்றால், பூஜ்யத்துக்குக் கீழே போகப்போக செல் சோரும், எல்.சி.டி. எழுத்து மெதுவாக மாறும், ரொம்பக் குளிர்ந்தால் மங்கிக்கூடப் போகும். மணிக்கட்டில் கட்டியிருக்கும்வரை உடம்புச் சூடு காப்பாற்றிவிடும். கழற்றி டென்ட் ஓரத்தில் வைக்காதே. ராத்திரி கம்பளிக் குல்லாவுக்குள் காதோரமாகச் செருகிக்கொண்டு படு. வாட்ச் அலாரம் சன்னமான சத்தம்தான், ஸ்லீப்பிங் பேக்குக்குள் மணிக்கட்டில் அடித்தால் கேட்கவே கேட்காது.

உயரம் காட்டும் வாட்ச் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம் இது. உள்ளே இருப்பது காற்றழுத்தமானி. கடல் மட்டத்தில் ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றே பாதியாகிவிடுவதால், ஒரு மில்லிபார் குறைய பதினான்கு மீட்டர் ஏற வேண்டும். இந்தக் கணக்கை வைத்துத்தான் அது உயரம் சொல்கிறது. 1962-இல் ஃபாவர்-லூபா கம்பெனி பிவுவாக் என்ற பெயரில், அழுத்தமானி வைத்த மெஷின் வாட்சை முதன்முதலில் கொண்டுவந்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்குப் போட்ட அதே ஃபாவர்-லூபாதான். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன் 2011-இல் அந்தப் பெயரையே விலைக்கு வாங்கிச் சில வருடம் வைத்திருந்தது. எலக்ட்ரானிக் வகையில், திசைகாட்டிக்குப் பேர்போன ஃபின்லாந்து கம்பெனி சூன்டோ 1998-இல் கொண்டுவந்த வெக்டர் மலையேறிகளிடையே பிரபலமானது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாட்சுக்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்தான். அழுத்தம் குறைந்தது நீ மேலே ஏறியதாலா, வானிலை மாறியதாலா என்று அதற்குத் தெரியாது. எனவே உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கங்கோத்ரி ஏறத்தாழ 3,100 மீட்டர் என்றால் அங்கே போனதும் அதை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இந்தக் குறையையே பலமாக மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி படுக்கும்போது உயரத்தைக் குறித்துவை. விடிகாலையில் நீ படுத்த இடத்திலேயே இருக்கும்போது வாட்ச் ஐம்பது மீட்டர் ஏறியதாகக் காட்டினால், டென்ட் நகரவில்லை, வெளியே அழுத்தம் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப்போகிறது, பயிற்சியாளரிடம் சொல். இன்னொரு உபயோகம், படுக்கும் உயரத்தைக் கணக்கு வைப்பது. 3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் இடம் முந்தைய ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலைமருத்துவர்கள் சொல்லும் அளவு. நீ தனியாகக் குழு நடத்தும் காலம் வந்தால் உயரம் காட்டும் வாட்ச் கட்டாயம் வாங்கு. இந்தப் பயிற்சிக்கு அவசியமில்லை. அந்த வகை வாட்சில் வெப்பமானியும் இருக்கும், கையில் கட்டியிருக்கும்போது அது உன் உடம்புச் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். கழற்றி அரை மணி நேரம் தொங்கவிட்டால்தான் வெளிக்குளிர் தெரியும்.

சூரியனை வைத்துத் திசை பார்க்கும் வித்தை முள் வாட்சில் உண்டு. சின்ன முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பினால், முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுக்கோடு தெற்கு. டிஜிட்டல் வாட்ச் என்றால் தரையில் ஒரு வட்டம் போட்டு முள்ளை வரைந்துகொள்ளலாம். உத்தரகாசிப் பக்கம் இது ஓரளவுக்கு வேலை செய்யும். நம் நாட்டு நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு வகுத்தது, நீ போகிற இடம் அதற்கு மேற்கே இருப்பதால் அங்கே உச்சிவேளை சராசரியாகப் பன்னிரண்டே காலுக்கு. அந்தக் கால் மணியைக் கழித்துக்கொள். இங்கே கோயம்புத்தூரில் மே மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு மாமா பொய் சொல்கிறார் என்று சொல்லாதே. அப்போது மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும், கணக்கு தலைகீழாகிவிடும்.

ஸ்ட்ராப் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்ட்ராப்பைக் கேஸோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின் ஒன்று வளைந்தால் வாட்ச் போயே போயிற்று. சுற்றிலும் ஒரே பட்டையாக இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து வருகிற நைலான் ஸ்ட்ராப்பில், ஒரு பின் போனாலும் வாட்ச் தொங்கிக்கொண்டிருக்கும். சதுர ஜி-ஷாக்கில் அதைப் போட அடாப்டர் விற்கிறார்கள். பாறை ஏறும் பயிற்சியில் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுவிடு. வெடிப்புக்குள் கையை விட்டு ஏறும்போது அது சிக்கும். கயிற்றில் இறங்கும்போதும், அடுத்தவருக்குக் கயிறு பிடிக்கும்போதும் கையில் வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம். சிக்கினால் தோலோடு வரும். பையின் தோள்பட்டை வாரில் கட்டிவைத்தால் அடிக்கடி கண்ணில் படும், கையும் தப்பும். ஆனால் கடுங்குளிர் நாளில் திரும்ப மணிக்கட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கேசியோ எஃப்-91டபிள்யூ ஒன்றை உதிரியாக வாங்கி ரக்ஸாக்கில் போட்டுக்கொள். 1989-இல் வந்தது, இன்னும் விற்கிறது, 21 கிராம்தான். விளக்கு மின்மினி அளவுதான், தண்ணீருக்கும் ஆகாது. ஆனால் அலாரம் அடிக்கும். முதல் வாட்ச் தொலைந்தால் பயிற்சி முடியும்வரை அது போதும்.

வாங்கியதும் பெட்டிக்குள் வைக்காதே. இப்போதிருந்தே ராத்திரி பகல் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே விளக்கும் அலாரமும் போடப் பழகு. மணிக்கு மணி ‘பீப்’ அடிக்கும் வசதியை நிறுத்திவிடு, டென்ட்டில் உன்னோடு படுப்பவர்கள் சாபம் விடாமல் இருக்க வேண்டும். தண்ணீரில் குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி காத்திருக்க வேண்டும், டைமரை அதற்குப் பயன்படுத்து. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே முப்பது நொடி நாடியை எண்ணி இரட்டித்து நோட்டில் எழுது. நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி, தலைவலியும் குமட்டலும் சேர்ந்தால் மறைக்காமல் சொல்லிவிடு. அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

நடைக் கணக்குக்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன விதி ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. கனமான பையும் உயரமும் சேர்ந்தால் இமயமலையில் அதைவிட நேரம் பிடிக்கும். இப்போது வாரக்கடைசியில் நடக்கப் போகும் இடத்திலெல்லாம் முதலில் விதிப்படி கணக்குப் போட்டுக்கொள், பிறகு நடந்து பார், உனக்கு எவ்வளவு கூடுகிறது என்று எழுதிவை. உன் வேகம் உனக்கே தெரிந்தால் திரும்பும் மணியை நீயே குறிக்கலாம்.

ஆக, சதுர ஜி-ஷாக் ஒன்று, எஃப்-91டபிள்யூ ஒன்று. இரண்டும் சேர்ந்தே உன் இரண்டாவது படத்து வாட்ச் விலையில் சின்னப் பங்குதான் வரும். மிச்சப் பணத்தில் நல்ல கம்பளிக் காலுறையும் உள்கையுறையும் இரண்டிரண்டு ஜோடி எடு. நைலான் ஸ்ட்ராப்பும் உதிரி பின்னும் நான் கடையில் எடுத்து வைக்கிறேன், உத்தரகாசி கிளம்பும் முன் ஒரு நாள் வந்து வாங்கிக்கொண்டு போ. வரும்போது கையுறையையும் கொண்டு வா, என் எதிரில் அலாரத்தை வைத்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மாமா